டிபன் பை உட்கார்ந்த சீட்டு

எங்கள் கம்பெனி பஸ்ஸில், டிரைவருக்குப் பின்னால் நாலாவது வரிசை ஜன்னலோர சீட்டில், எட்டு வருஷமாக ஒரு டிபன் பை பயணம் செய்தது. நீல நிற ரெக்சின் பை. அதன் ஜிப் பாதி வழியில் நின்றுபோய் எவ்வளவோ காலமாகிறது. பைக்குப் பக்கத்து சீட்டில் அதன் சொந்தக்காரர் சிவராஜ் அண்ணா உட்கார்ந்திருப்பார். சூளகிரியில் ஏறும் நான் அவருக்கு நேராகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் இருக்கிற எங்கள் கம்பெனி வரை நிற்பேன். அந்தப் பை ஜன்னல் காற்று வாங்கும். நான் பக்கத்தில் நிற்பவர்களின் மூச்சுக் காற்றை வாங்குவேன்.

கேட்டு வாங்கி உட்கார வேண்டியதுதானே என்பீர்கள். கம்பெனி பஸ்ஸில் ஏறியிருக்க மாட்டீர்கள், அதனால்தான் இந்தப் பேச்சு. அங்கே எழுதி வைக்காத சட்டம் ஒன்று இருக்கிறது. கைக்குட்டையோ, பேப்பரோ, டிபன் பையோ சீட்டில் விழுந்துவிட்டால் அந்த இடத்துக்குப் பட்டா ஆகிவிட்டது என்று அர்த்தம். யாருக்கு என்று கேட்டால் "ஆள் வராங்க" என்பார்கள். அதற்குமேல் கேட்டால் நாம்தான் சண்டைக்காரி. அதிலும் சிவராஜ் அண்ணா குவாலிட்டியில் சீனியர் இன்ஸ்பெக்டர். நான் அவருக்குக் கீழே வேலை பார்க்கிறவள். வருகிற ஆள் எந்த ஸ்டாப்பில் வருகிறார் என்று கேட்கும் துணிச்சல் ஐந்து வருஷமாக எனக்கு வரவில்லை.

அண்ணாவுக்கு ஊர் சிங்காரப்பேட்டை. வீட்டில் விவசாயம். இவர் டிப்ளமா படித்துவிட்டு கிருஷ்ணகிரியில் ஒரு அறை எடுத்துத் தங்கி, தினமும் இங்கே வந்துபோகிறார். முப்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. பார்த்த பெண்ணையெல்லாம் இவர் ரிஜெக்ட் செய்கிறார் என்று கம்பெனியில் பேச்சு. விசாரித்ததில் பாதிப் பேர் இவரைத்தான் ரிஜெக்ட் செய்திருக்கிறார்கள். ஓட்டலில் தோசை வந்தால் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார். ஓரம் ஒரு தடிமன், நடு ஒரு தடிமன் என்று சர்வரிடம் சொல்லுவார். அவரோடு சாப்பிடப் போனால் நமக்கும் தோசை தாமதமாகத்தான் வரும்.

வேலையில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது. வாடிக்கையாளரிடமிருந்து புகார் வந்தால் நாங்கள் 'ஒய்-ஒய்' ஃபாரம் நிரப்ப வேண்டும். குறையை மேலே எழுதி, கீழே ஏன் ஏன் என்று ஐந்து தடவை கேட்டு, கடைசியில் வேர் எங்கே என்று கண்டுபிடிக்கிற ஃபாரம் அது. சோம்பேறிகள் முதல் கட்டத்திலேயே 'ஆபரேட்டர் கவனக்குறைவு' என்று எழுதி முடித்துவிடுவார்கள். அண்ணா அதைப் பார்த்தால் சிவப்புப் பேனாவால் சுழித்து முகத்துக்கு நேராக நீட்டுவார். "ஆளு மேல பழி போட்டுட்டா காரணம் கெடச்சிடுமா? அவன் எதுக்கோசரம் அப்டி செஞ்சான், அத்த கேளு." இந்த வசனத்தை நான் தூக்கத்தில்கூடச் சொல்லுவேன்.

இப்படிப்பட்ட மனுஷன் போன வருஷம் சினிமா எடுக்கப்போவதாக அறிவித்தார்.

"சுயாதீனப் படம்மா. தயாரிப்பாளர் யாரும் கெடையாது. நம்ம இஷ்டத்துக்கு எடுக்கலாம்" என்றார். சம்பளமும் கெடையாது என்று நானே புரிந்துகொண்டேன். அவருடைய செல்போன்தான் கேமரா. பேக்கிங் செக்ஷனில் ஜிம்முக்குப் போகிற மணிதான் கதாநாயகன். கதாநாயகியாக நடிக்க யாரும் வராததால் என்னைக் கூப்பிட்டார். வீட்டுக்காரரிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை குழந்தையைப் பார்த்துக்கொள்கிறேன், போய் நடி என்றார். நான் நடிக்கிறேன் என்பதில் அவருக்குத் துளிகூட பயம் இல்லாதது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

கதையைப் படித்தேன். கதாநாயகன் கம்பெனி பஸ்ஸில் கதாநாயகிக்காக ஜன்னலோரத்தில் பை போட்டு இடம் பிடிக்கிறான். அவள் ஏறியதும் பையை எடுக்கிறான். அவள் உட்கார்ந்து சிரிக்கிறாள். பிறகு மெயின்டனன்ஸில் ரகு என்று ஒருவன் வருகிறான். குடிக்கிறான், பொய் சொல்லுகிறான், ஊரில் இன்னொரு சம்சாரம் வேறு. அவன் இவளை மயக்கிக் கட்டிக்கொண்டு போய்விடுகிறான். கதாநாயகி மொத்தம் பதினொரு இடத்தில் சிரிக்கிறாள், நாலு இடத்தில் அழுகிறாள், எந்த இடத்திலும் வாயைத் திறந்து பேசவில்லை.

ஆனால் என் ஆத்திரம் அதனால் இல்லை. நாலாவது வரிசை, ஜன்னலோரம், நீல நிற ரெக்சின் பை என்று எழுதியிருந்தது.

"அண்ணா, அந்தப் பை யாருக்குங்கண்ணா?" என்று கேட்டேன்.

அவர் ஸ்குரூ கேஜைத் துடைக்க ஆரம்பித்தார். நான் நகரவில்லை.

"ரஞ்சிதான்னு ஒரு பொண்ணு. அசெம்ப்ளில இருந்துச்சி. நீ வர்றதுக்கு முன்னாடி. உங்க சூளகிரிதான்."

"அவங்க வேலைய விட்டுப் போயி ஆறு வருஷம் ஆவுதே?"

"ஆவுது."

"அப்புறம் என்னாத்துக்கு எங்கள நிக்க வெச்சிகினு வரீங்க?"

கேஜைப் பெட்டியில் வைத்து மூடினார். பிறகு சொன்னார். "அவ இந்தப் படத்தப் பாக்கணும் பிரவீனா. அந்த எடம் அவளுக்கோசரம்தான் வெச்சிருந்தேன்னு தெரியணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்." சொல்லும்போது அவர் முகம் சின்னப் பையன் முகம் மாதிரி ஆகிவிட்டது. எனக்குக் கோபம் போகவில்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை, நடிக்கிறேன் என்று தலையாட்டிவிட்டேன்.

ரஞ்சிதாவைக் கட்டிக்கொண்ட பிரதாப் கோவில்பட்டிக்காரர். எங்கள் கம்பெனியில் மெயின்டனன்ஸில் இருந்தவர். வேலையை விட்டுவிட்டு மூக்கண்டப்பள்ளியில் ஒரு ஷெட் பிடித்து லேத் பட்டறை போட்டார். ரஞ்சிதாவும் அங்கே மிஷின் ஓட்டுகிறாள். அதாவது ரகு யார் என்று கம்பெனியில் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறவருக்குக்கூடத் தெரியும். பிரதாப்புக்கு மட்டும் தெரியாது.

படத்துக்கு மிஷின் ஓடுகிற இடம் வேண்டும். எந்தக் கம்பெனியும் உள்ளே விடவில்லை. கேள்விப்பட்டு பிரதாப்பே போன் செய்தார். "எண்ணே, நம்ம பட்டற ஞாயித்துக்கெழம சும்மாத்தான கெடக்கு. வந்து எடுங்கண்ணே" என்றார். வில்லனாக நடிக்க ஒப்புக்கொண்ட மீசைக்கார சூப்பர்வைசருக்கு அந்த வாரம் ஓவர்டைம் விழுந்தது. பிரதாப் அதற்கும் வழி சொன்னார். "நான் வேணா நிக்கட்டாண்ணே?"

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குப் போனதும் கதையை வாங்கிப் படித்தார். நாங்கள் எல்லோரும் கூரையைப் பார்த்தோம். படித்து முடித்துவிட்டு, "அண்ணே, இந்த ரகுப் பய ரொம்பக் கெட்டவனால்லா இருக்கான். யாருண்ணே இவன்? நம்ம கம்பெனியில இருந்தானா?" என்றார். சிவராஜ் அண்ணாவுக்கு இருமல் வந்துவிட்டது. பிரதாப் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து, முதுகையும் தடவிக்கொடுத்தார்.

பஸ் காட்சிக்கு டிரைவர் பெரியதம்பி உதவி செய்தார். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸைத் தண்ணீர் அடித்துக் கழுவக் கொண்டுபோகும் வழியில், ஷெட் வாசலில் ஒரு மணி நேரம் நிறுத்தினார். காட்சி இதுதான். மணி நாலாவது வரிசையில் பையோடு உட்கார்ந்திருக்கிறான். ரகு எதிர் சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து, ஏறி வருகிற கதாநாயகியை மேலும் கீழும் அசிங்கமாகப் பார்க்க வேண்டும்.

நான் ஏறினேன். கம்பியைப் பிடித்தேன். பிரதாப் எழுந்துவிட்டார்.

"கட்" என்றார் அண்ணா. "நீ எழக்கூடாது பிரதாப்."

"சரிண்ணே, தெரியாம எந்திச்சிட்டேன்."

இரண்டாவது தடவை ஏறினேன். மறுபடியும் எழுந்தார். எழுந்ததோடு இல்லாமல், உட்காரும்மா என்று கையும் காட்டினார். மூன்றாவது தடவைக்கு அண்ணா அவர் தோளைப் பிடித்து சீட்டில் அழுத்தி வைத்தார். நான் பக்கத்தில் வந்ததும் அவர் அரை உட்காரலும் அரை நிற்றலுமாக, கக்கூஸுக்கு அவசரமானவர் மாதிரி நெளிந்தார்.

"பொம்பளப் பிள்ள நிக்கையில உக்காந்திருக்க வரமாட்டேங்குதுண்ணே. காலு தானா எந்திரிக்கு."

பெரியதம்பி ஸ்டீயரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அண்ணா சிரிக்கவில்லை. பஸ்ஸைக் கழுவ அனுப்பிவிட்டு, ஷூட்டிங் முடிந்தது என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் அவர் எதிரே போய் உட்கார்ந்து, வெற்று ஒய்-ஒய் ஃபாரம் ஒன்றை சாம்பார் படாத இடமாகப் பார்த்து விரித்தேன். மேலே 'குறை: கதாநாயகி இன்னொருவனைக் கட்டிக்கொண்டாள்' என்று எழுதினேன்.

"ஏன் கட்டினா?" என்றேன்.

"ரகு ஏமாத்திட்டான்."

"அண்ணா, இது ஆபரேட்டர் கவனக்குறைவு. நீங்களே சுழிப்பீங்க."

என்னை முறைத்தார். ஐந்து வருஷமாக அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தை வட்டியோடு திருப்பிக்கொடுக்கிறேன் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொல்ல, நான் எழுதினேன்.

அவள் ஏன் அவனைக் கட்டினாள்? அவன் எழுந்து இடம் கொடுத்தான், அதில் பழக்கமானார்கள். அவன் ஏன் இடம் கொடுக்க வேண்டி வந்தது? அவள் நின்றுகொண்டிருந்தாள். ஏன் நின்றாள்? காலி சீட்டில் பை இருந்தது. பையை ஏன் எடுக்கவில்லை?

இங்கே வந்ததும் அண்ணா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "அவளா வந்து கேக்கட்டும், எடுக்கலாம்னு இருந்தேன். தெனமும் ஏறுவா. தெனமும் இன்னிக்கு கேப்பான்னு நெனப்பேன்."

"எத்தன நாளு?"

"ரெண்டு வருஷம்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் தட்டை எடுத்துக் கவிழ்த்திருப்பேன். ரெண்டு வருஷம் அந்தப் பெண்ணை நிற்க வைத்துவிட்டு, அதற்குக் காதல் என்று பெயர் வைத்து, எழுந்து இடம் விட்டவனுக்கு வில்லன் வேஷம் கொடுத்திருக்கிறார். அவருக்கு அவள் தன் பக்கத்தில் உட்கார வேண்டும். பிரதாப்புக்கு அவள் உட்கார்ந்தால் போதும். இதை முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

ஐந்தாவது கட்டத்தில், 'அவள் ஏன் கேட்கவில்லை?' என்று எழுதினேன்.

"அது எனக்குத் தெரியாது. அவளத்தான் கேக்கணும்" என்றார். அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது. ஃபாரத்தை மடித்து என் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அன்றைக்கே பழைய கதையை எடுத்துக்கொண்டுபோய், ரிஜெக்ட் ஆன பார்ட்டுகள் போடுகிற சிவப்புப் பெட்டியில் போட்டார். அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் வேடிக்கை. ரகுவை நல்லவனாக எழுத வேண்டுமென்றால் பிரதாப்பை அளந்து பார்த்துத்தான் எழுத வேண்டும் என்று, மூன்று ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டோடு அவர் பட்டறையில் போய் உட்கார்ந்தார். இன்ஸ்பெக்ஷன்தான். நோட்டை நான் பார்த்தேன். 'டீ குடித்த டம்ளரை அவரே கழுவுகிறார்.' 'ரஞ்சிதா திட்டினால் காதில் வாங்குகிறார்.' 'லேத்துக்கு எண்ணெய் போட்டுவிட்டு அதனிடம் பேசுகிறார்.' மூன்று வாரம் உற்றுப் பார்த்துக் கடைசியில் ஒரே ஒரு குறை அகப்பட்டது. பாடுகிறார், சகிக்கவில்லை. அதை அடிக்கோடு போட்டு எழுதியிருந்தார்.

"குறையே இல்லாம ஒருத்தன் இருந்தா நம்ம கேஜ்ல கோளாறுன்னு அர்த்தம்" என்று என்னிடம் சமாதானம் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ரகு பாடுகிற காட்சி வந்த பிறகுதான் எனக்கே அவனைப் பிடித்தது.

புதுக் கதையில் ரகு சிரிக்க வைத்தான், பஸ்ஸில் ஓடாத வைப்பரை ஓட வைத்தான், கதாநாயகன் கடுகடுவென்று பேசியதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல் அவனோடு எலுமிச்சை சாதத்தைப் பங்கு போட்டான். எனக்கும் இருபது வரி வசனம் கிடைத்தது. மணிக்குத்தான் வயிறு எரிந்தது. "அண்ணா, ஹீரோ நான்தானே? நான் முழுப் படமும் பைய காவல் காத்துகினு இருக்கேன். கைதட்டு எல்லாம் அவருக்குப் போவுதே?" என்றான். அவனைச் சட்டை இல்லாமல் ஒரு தடவை தண்டால் எடுக்க விட்டுச் சமாதானம் செய்தோம்.

பஸ் காட்சியை மறுபடியும் எடுத்தோம். பிரதாப் எழுந்தார். இந்தத் தடவை அண்ணா கட் சொல்லவில்லை.

படம் முப்பத்தாறு நிமிஷம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிரதாப்பின் ஷெட்டிலேயே ஷட்டரை இறக்கிவிட்டு, பழைய பிளெக்ஸ் பேனரின் வெள்ளைப் பக்கத்தில் போட்டுக் காட்டினோம். இருபது, இருபத்தைந்து பேர் வந்திருந்தார்கள். ரஞ்சிதா முன்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அண்ணா படத்தைப் பார்க்கவில்லை. அவள் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டு லேத்தில் சாய்ந்து நின்றார். சட்டையெல்லாம் கிரீஸ்.

பஸ் காட்சி வந்தது. பை, ஜன்னல், கம்பியைப் பிடித்து நிற்கும் நான். ரஞ்சிதாவின் தலை அசையவே இல்லை. அண்ணா மூச்சு விடுகிறாரா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது.

படம் முடிந்து ஷட்டரைத் தூக்கினார்கள். பிரதாப் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். "பாவம்ணே அந்த ஹீரோ. ஒரு வார்த்த சொல்லியிருந்தாம்னா அந்தப் பிள்ள அவனத்தாம்ணே கெட்டியிருக்கும்" என்று சொல்லிவிட்டு எல்லோருக்கும் டீ வாங்கப் போய்விட்டார். அவருக்கு எல்லாம் தெரிந்துதான் சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ரஞ்சிதா எங்களிடம் வந்தாள்.

"அண்ணா, நீங்ககூட நம்ம பஸ்ல இப்டித்தான் ஒரு பை வெச்சிகினு வருவீங்க."

"ஆமாம்மா."

"நீலப் பை."

"ஆமா."

அவள் தரையைப் பார்த்தாள். "நான் ஒரு நாள் கேக்கலாம்னு வந்தேங்கண்ணா. அன்னிக்கு எனக்குக் காய்ச்சலு. நிக்க முடியல. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள நீங்க ரெண்டு கையையும் பை மேல வெச்சி அமுக்கிகினீங்க. சரி, பக்கத்துல யாரு உக்காந்தாலும் இவருக்குப் புடிக்காதுபோலன்னு நெனச்சிகினேன். அன்னிக்குத்தான் எங்க வீட்டுக்காரரு எழுந்து எடம் குடுத்தாரு."

அண்ணா சட்டையில் ஒட்டியிருந்த கிரீஸைத் துடைக்க ஆரம்பித்தார்.

"எனக்குன்னு தெரிஞ்சிருந்தா..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். வாசலில் பிரதாப் டீ கேனோடு ஏதோ பாடிக்கொண்டு வருவது கேட்டது. "படம் நல்லா இருக்குதுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு டம்ளர் எடுத்துக்கொடுக்கப் போனாள்.

எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது அண்ணா என்னிடம், "அந்த ஃபாரத்தக் குடு" என்றார். எடுத்துக்கொடுத்தேன். ஐந்தாவது கட்டத்தில் 'அவள் ஏன் கேட்கவில்லை?' என்ற என் கேள்வியைச் சிவப்புப் பேனாவால் சுழித்தார். பக்கத்தில் தன் சதுரமான கையெழுத்தில், 'கேட்க வந்தாள்' என்று எழுதினார்.

"கை நடுங்கிச்சி பிரவீனா" என்றார். "அவ கிட்ட வரவே நடுங்க ஆரம்பிச்சிடுச்சி. அது தெரியக்கூடாதுன்னு பை மேல வெச்சேன்."

திட்டுவதற்கு எவ்வளவோ வைத்திருந்தேன். அழுகைதான் வந்தது.

திங்கள்கிழமை காலை சூளகிரியில் பஸ் ஏறினேன். வழக்கமான கூட்டம். நாலாவது வரிசைக்கு வந்தேன். ஜன்னலோரத்தில் பை இல்லை. அது அண்ணாவின் மடியில் இருந்தது. ஆனால் அந்த சீட்டில் டூல் ரூம் முனிசாமி கிருஷ்ணகிரியிலிருந்தே ஏறி உட்கார்ந்து, வாயைத் திறந்துகொண்டு, அண்ணாவின் தோளில் தலை வைத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எட்டு வருஷம் காத்த சீட்டு முனிசாமிக்கா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வழக்கம்போலக் கம்பியைப் பிடித்தேன்.

அண்ணா என்னைப் பார்த்தார். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"உக்காரும்மா" என்றார்.

உட்கார்ந்தேன். சாய்ந்திருந்த தோள் போய்விட்டதால் முனிசாமியின் தலை சரிந்து வந்து என் தோளில் விழுந்தது. தள்ளிவிடாமல் நிமிர்ந்து பார்த்தேன். அண்ணா இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூக்கண்டப்பள்ளி வரை நின்றுகொண்டே வந்தார்.